நடுவில் ஒரு தேர்ஃபோர்

பாம்பூஃப்ளாட்
சௌத் அந்தமான்
9 ஜூன் 2024

அருமை மருமகள் வைஜெயந்திக்கு, உன் தாய்மாமன் ராக்கப்பன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

நான் நலம். உன் நலத்தை நீ சொன்னால்தானே எனக்குத் தெரியும்? போன் போட்டால் இந்தியில் ஒருத்தி ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். சிப்பிகாட்டில் டவர் சரியில்லை என்று முதலில் நினைத்தேன். பிறகு டீக்கடைக்காரர் போனிலிருந்து போட்டேன். மணி அடித்தது. நீ "ஹலோ" என்றாய். நான் "பாப்பா" என்றேன். கட் ஆகிவிட்டது. ஆகவே நீ என் நம்பரை பிளாக் செய்திருக்கிறாய். பார்த்தாயா, முன்னால் நடந்ததை வைத்துப் பின்னால் உள்ளதைக் கண்டுபிடிக்கிறோமே, இதற்குப் பெயர்தான் தேர்ஃபோர். உன் மாமன் போனில் கூட இங்கிலீஷ் இலக்கணப்படிதான் அவமானப்படுகிறான்!

மாப்பிள்ளை சுரேந்திரனை கம்பெனியில் வேலையை விட்டு நிறுத்திவிட்டதாக சாத்தம் ஃபெர்ரியில் பேசிக்கொண்டார்கள். நான் நம்பவில்லை. என் கையால் விளக்கக் கடிதம் எழுதி வாங்கிப் போனவனுக்கு வேலை போவதாவது! ஃபீனிக்ஸ் பே படகு ஜெட்டிக்கு எதிரே பாதாம் மரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்த நாளிலிருந்து நான் எழுதிய மனு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. டிரான்ஸ்ஃபர் கேட்டவனுக்கு டிரான்ஸ்ஃபர். கப்பல் டிக்கெட் கேட்டவனுக்குப் படுத்துப் போகிற பங்க் சீட். டெல்லியிலிருந்து வந்த ஒரு பெரிய அதிகாரி காரை நிறுத்தி இறங்கி, "இந்த ஹென்ஸை எழுதிய கை எது?" என்று கேட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மழை பெய்துகொண்டிருந்தது. அவர் டிரைவர் குடையை எனக்குத்தான் பிடித்தான்.

அந்த வார்த்தைகளின் படிநிலை இங்கே யாருக்குத் தெரியும், சொல். 'சோ' என்பது சின்னப் பிள்ளை, யார் வீட்டிலும் நுழையும். 'தேர்ஃபோர்' போலீஸ் இன்ஸ்பெக்டர், வந்தால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். 'ஹென்ஸ்' கலெக்டர். 'கான்ஸிக்வென்ட்லி' இருக்கிறதே, அது ஹைகோர்ட். அதைச் சும்மா இறக்கக் கூடாது. மாப்பிள்ளைக்கு நான் ஒரு இன்ஸ்பெக்டரையும் ஒரு கலெக்டரையும் சேர்த்து அனுப்பினேன். அதற்கு மேல் என்ன வேண்டும்?

என்ன நடந்தது என்று நீயே விவரமாக எழுது. வேண்டுமானால் இன்னொன்று எழுதுவோம், இந்த முறை ஹைகோர்ட்டையே இறக்கிவிடுவோம். குட்டிப்பயலுக்கு ஜுரம் விட்டதா?

உன் மாமன்,
இங்கிலீஷ் ராக்கப்பன்
(மனு, மேல்முறையீடு, சகலவித ஆங்கிலக் கடிதங்கள்)


சிப்பிகாட்
14 ஜூன் 2024

மாமாவுக்கு,

விவரமாக எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

ஏப்ரல் மாதம் அவர் வேலை பார்த்த டூரிஸ்ட் படகில், ஜெட்டியில் இறங்கும்போது, நாக்பூரிலிருந்து வந்த ஒரு அம்மாள் பக்கவாட்டுக் கதவில் சாய்ந்தார். கதவு திறந்துகொண்டது. படகுக்கும் ஜெட்டிக்கும் நடுவே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அந்தக் கதவின் கொக்கி அதற்கு முன்பே உடைந்துபோயிருந்தது. இவர் சூப்பர்வைசர் யோகராஜிடம் சொன்னார். "சீஸன் முடியட்டும் பாக்கலாம்" என்றார் அவர். மறுபடி சொன்னார். "கயித்தப் போட்டுக் கட்டுய்யா" என்றார். கட்டினார். கயிறு அவிழ்ந்தது.

கம்பெனி இவரிடம் விளக்கம் கேட்டது. குழந்தை ஆஸ்பத்திரியில் இருந்தான், நான் அவனோடு இருந்தேன். இல்லையென்றால் உங்கள் மேஜைக்கு அவரை அனுப்பியிருக்க மாட்டேன். அவர் உங்களிடம் போய், பிள்ளைக்கு ஜுரம் என்று சொன்னார், ராத்திரி தூக்கமில்லை என்று சொன்னார். கொக்கி உடைந்ததைச் சொன்னார். யோகராஜிடம் சொன்னதையும் சொன்னார். அந்த அம்மாள் விழுந்ததைச் சொன்னார். எட்டாவது படித்த மனிதர். நீங்கள் எழுதியதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். "மாமா ரொம்ப உருக்கமா எழுதிருக்கேன்னாரு" என்று என்னிடம் சொன்னார்.

விசாரணையில் கம்பெனி வக்கீல் அதை வாய்விட்டுப் படித்தார். என் குழந்தைக்கு ஜுரம். என் மனைவி தாயில்லாத பெண். நான் இரவெல்லாம் தூங்கவில்லை. தேர்ஃபோர், பயணி கடலில் விழுந்துவிட்டார். ஹென்ஸ், தங்கள் பொற்பாதங்களில் மன்னிப்புக் கேட்கிறேன்.

கொக்கி எங்கே மாமா? யோகராஜ் எங்கே?

வக்கீல் அதை இரண்டாம் முறை படிக்கவில்லை. பேப்பரை மேஜையில் வைத்துவிட்டு, "வேறென்ன வேண்டும்?" என்று மட்டும் கேட்டார். தூங்காததால் ஆளை விழவிட்டேன் என்று இவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். இப்போது எந்தப் படகிலும் இவரை ஏற்றுவதில்லை. சாத்தம் ஃபெர்ரியில் நின்றால், "டேய் தூங்குமூஞ்சி வந்துட்டான், கதவப் பாத்துக்க" என்கிறார்கள்.

நீங்கள் அனுப்பிய இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டுக்காரரைத்தான் கைது செய்தார்.

வைஜெயந்தி


பாம்பூஃப்ளாட்
20 ஜூன் 2024

அன்பு மருமகளே,

உன் கடிதம் கிடைத்தது. எழுத்து உன் அம்மா எழுத்து மாதிரியே இருக்கிறது. கோபமும் அவளுடையதுதான். என் அக்கா மரகதம் சண்டை போட்டால் இப்படித்தான், குரலை உயர்த்தவே மாட்டாள், ஊசி மாதிரி இறக்குவாள்.

கொக்கி எங்கே என்று கேட்டாயே, சொல்கிறேன் கேள். இது தொழில் ரகசியம். மாப்பிள்ளை கொக்கியைச் சொன்னான்தான். யோகராஜ் பெயரையும் சொன்னான். நான்தான் எடுத்துவிட்டேன். மனு எழுதுவதில் முதல் விதி என்ன தெரியுமா? யாரிடம் கேட்கிறாயோ அவனைக் குற்றம் சொல்லாதே. ஆஸ்பத்திரியில் மருந்து கேட்கும்போது ஆஸ்பத்திரி அழுக்காயிருக்கிறது என்று எழுதுவார்களா? இரண்டாவது விதி, கஷ்டத்தை முதலில் கொட்டு. வயதான தாய், கல்யாணமாகாத தங்கை, ஜுரத்தில் குழந்தை. கொட்டி முடித்ததும் ஒரு தேர்ஃபோர். அதன் பின்னால் காரியம். கஷ்டம், தேர்ஃபோர், காரியம். இந்த மூன்று கல் அடுப்பில்தான் நான் இத்தனை வருஷம் சோறு ஆக்கியிருக்கிறேன். இதே முறையில் எழுதி சௌத் அந்தமான் முழுக்க எத்தனை பேர் வீட்டில் விளக்கு எரிகிறது, கேட்டுப் பார். ஒரு பெங்காலி பாபு தன் பிள்ளைக்கு என் பெயரையே வைக்கிறேன் என்றான். "ராக்கப்பன் மொண்டல்" நன்றாக இருக்காது என்று நான்தான் தடுத்தேன்.

அந்த வக்கீல் மெயின்லேண்டில் படித்தவர். மெயின்லேண்ட் ஆட்களுக்கு வார்த்தைதான் தெரியும், வார்த்தைக்குப் பின்னால் உள்ள மனசு தெரியாது. தேர்ஃபோர் என்றால் இரக்கப்படுங்கள் என்று அர்த்தம். முப்பது வருஷமாக நான் அந்த அர்த்தத்தில்தான் எழுதுகிறேன், எல்லா ஆபீசரும் அந்த அர்த்தத்தில்தான் படித்திருக்கிறார்கள். இவர் ஒருவர் டிக்‌ஷனரியைத் தூக்கிக்கொண்டு வந்தால் நான் என்ன செய்ய?

தவிர, ஆம்பளை ஒருத்தன் கையெழுத்துப் போடும் முன் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க வேண்டாமா? நான் தமிழில் சொல்லியிருப்பேனே. அவன் அவசரத்தில் இருந்தான்.

மேல்முறையீடு நானே எழுதித் தருகிறேன். ஆரம்பத்திலேயே கான்ஸிக்வென்ட்லி. நடுவில் அக்கார்டிங்லி, அதை நான் இதுவரை யாருக்கும் எடுத்துக் கொடுத்ததில்லை, மாப்பிள்ளைக்கென்று வைத்திருந்தேன். ஒரு நாள் அவனை வரச் சொல்.

உன் மாமன்,
இங்கிலீஷ் ராக்கப்பன்


சிப்பிகாட்
25 ஜூன் 2024

மாமாவுக்கு,

அவர் வரமாட்டார். உங்கள் அக்கார்டிங்லியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்ஃபோருக்கு இரக்கம் என்று அர்த்தம் இல்லை. நான் காலேஜில் ஒரு வருஷம்தான் படித்தேன். ஆனால் இது எனக்குத் தெரியும். முதல் சங்கதி நடந்ததால்தான் இரண்டாவது நடந்தது என்று அடித்துச் சொல்வது அது. பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டை ஆணி அடித்துச் சேர்ப்பது. ஜுரமும் உண்மை, அந்த அம்மாள் விழுந்ததும் உண்மை. நடுவில் நீங்கள் அடித்த ஆணிதான் பொய். 'தேர்ஃபோர் தயவுசெய்து லீவு கொடுங்கள்' என்று எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை. கஷ்டத்திலிருந்து கோரிக்கைக்குப் போகிறது. இங்கே கஷ்டத்திலிருந்து குற்றத்துக்குப் போய்விட்டது. அடுப்பில் நீங்கள் வைத்த மூன்றாவது கல் இவருடைய தலை.

ஏன் ஒரு வருஷம்தான் படித்தேன் என்று நினைவிருக்கிறதா? அம்மா போன பதினாறாம் நாள், விருந்தாளிகள் எல்லாம் இருக்கும்போது, கூடத்தில் நின்று சொன்னீர்கள். "எங்கக்கா போயிட்டா. ஆகவே பாப்பாவை ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணும்." எல்லோரும் தலையாட்டினார்கள். நீங்கள் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், குரல் அப்படி. அம்மா போனதற்கும் நான் படிப்பதற்கும் நடுவில் என்ன மாமா இருந்தது? அன்றைக்கும் உங்கள் வாயில் ஒரு ஆணி இருந்தது, அவ்வளவுதான். மாப்பிள்ளையையும் நீங்கள்தான் பார்த்தீர்கள். அதில் எனக்குக் குறையில்லை. நல்ல மனிதர். அந்த ஒரு நல்லதையும் நீங்களே கெடுத்துவிட்டீர்கள்.

ஜூலை எட்டாம் தேதி மேல்முறையீடு கேட்கிறார்கள். வெளியாள் ஒருவரை வைத்துத்தான் கேட்கிறார்கள், நியாயமானவர் என்று சொல்கிறார்கள். கொக்கியைப் பற்றிச் சொன்னதற்கு வேறு சாட்சி இல்லை. யோகராஜ் இல்லை என்கிறார். கூட இருந்தவர்களுக்கு வேலை பயம். அந்த அம்மாள் விழுந்த பிறகு, இதெல்லாம் வக்கீல் கைக்குப் போவதற்கு முன்னால், இவர் கொக்கியைப் பற்றி வாய்திறந்து சொன்னது உங்களிடம் மட்டும்தான்.

எனக்கு மனு வேண்டாம். நீங்கள் நேரில் வந்து ஒன்றே ஒன்று சொன்னால் போதும். "கொக்கி உடைந்ததை சுரேந்திரன் என்னிடம் சொன்னான். நான் எழுதவில்லை. அந்த தேர்ஃபோர் என்னுடையது." தமிழில் சொல்லுங்கள், இந்தியில் சொல்லுங்கள். இங்கிலீஷ் மட்டும் வேண்டாம்.

அவர் வேலை திரும்பிக் கிடைத்தால் உங்கள் நம்பருக்குப் போட்ட பிளாக்கை எடுத்துவிடுகிறேன்.

வைஜெயந்தி


பாம்பூஃப்ளாட்
9 ஜூலை 2024

அன்பு மருமகளே,

நேற்று நான் வந்தேன், பார்த்தாய் அல்லவா! முழுக்கை வெள்ளைச் சட்டை. உன் கல்யாணத்துக்குப் போட்டது, இன்னும் கழுத்து சரியாகத்தான் இருக்கிறது. நீ வெராண்டாவில் இருந்ததால் உள்ளே நடந்ததெல்லாம் உனக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. அதனால் ஓடி வந்து எழுதுகிறேன்.

நான் நுழைந்ததும் அந்த வக்கீல் பாதி எழுந்தே விட்டார். "வாங்க ராக்கப்பன்ஜி" என்றார். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். மாப்பிள்ளைக்கு நாற்காலி இல்லை, அவன் நின்றான், எனக்குத்தான் நாற்காலி. விசாரிக்க வந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, 'இவரைப் பற்றித்தான் கேள்விப்பட்டேனா' என்கிற மாதிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

நீ சொன்னதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன், சத்தியமாக. அதற்குள் வக்கீல் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார், "ராக்கப்பன்ஜி, ஆப்கோ அங்ரேஜி ஆதீ ஹை?" எனக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று! யாரைப் பார்த்து! ரூமில் நாலு பேர் சிரித்தார்கள், கம்பெனி ஆட்கள். "தேர்ஃபோர் கா மத்லப் க்யா ஹை, பதாயியே" என்றார். அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டுமாம், நான்! பள்ளிக்கூடப் பையனைக் கேட்பது போல!

விட்டேனா? நீ எழுதியிருந்தாயே ஆணி, அது மனசில் ஓடியது. அதையே இன்னும் அழகாக்கி, இங்கிலீஷிலேயே விட்டேன். "சார், ஃபர்ஸ்ட் மேட்டர் இஸ் ஃபாதர். செகண்ட் மேட்டர் இஸ் சன். வித்அவுட் ஃபாதர், நோ சன். பிட்வீன் தெம் இஸ் தேர்ஃபோர்." சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பெரியவர் பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார்! என் வாக்கியத்தை! வக்கீல் "வாஹ், வாஹ்" என்றார். வெளியே வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை வருஷத்தில் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை" என்றார்.

தீர்ப்பு நமக்குத்தான். எழுதி வைத்துக்கொள். பெரியவர் என்னைப் பார்த்த பார்வை அப்படி.

பிளாக்கை எடுத்துவிட்டாயா? காலையில் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். அந்த இந்திக்காரி இன்னும் இருக்கிறாள்.

உன் மாமன்,
இங்கிலீஷ் ராக்கப்பன்


சிப்பிகாட்
13 ஜூலை 2024

மாமாவுக்கு,

வெராண்டாவில் ஜன்னல் இருந்தது. எல்லாம் கேட்டது.

நீங்கள் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். உங்கள் அப்பன் பிள்ளைப் பேச்சு முடிந்ததும் வக்கீல் கேட்டார், "அப்படியென்றால் இந்தக் கடிதத்தில் அப்பன் யார், பிள்ளை யார்?" நீங்கள் சொன்னீர்கள், "தூக்கமில்லாதது அப்பன், பயணி விழுந்தது பிள்ளை." "அப்பன் இல்லாமல் பிள்ளை இல்லை?" என்றார். "நோ ஃபாதர், நோ சன்" என்றீர்கள். இன்னும் சத்தமாக. அப்புறம் அவர் மெதுவாகக் கேட்டார், "அர்த்தம் தெரியாமல் எழுதியிருப்பீர்களோ?" "எவ்ரி வேர்ட் ஐ நோ" என்றீர்கள். "இல்லையென்றால் சுரேந்திரன் சொல்லாததை நீங்களே சேர்த்தீர்களோ?" என்றார்.

மாமா, அந்த இடத்தில்தான். அந்த ஒரு இடத்தில்தான். வக்கீலே கதவைத் திறந்து வைத்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பார்ட்டி சொன்னதைத்தான் எழுதுவேன், முற்றுப்புள்ளிகூட பார்ட்டியுடையதுதான்" என்றீர்கள்.

உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நாலு பேர் நினைப்பதா, அவர் வேலை போவதா என்று வந்தபோது நீங்கள் யோசிக்கக்கூட இல்லை. ஆயுசிலேயே முதல் தடவையாக அந்த வார்த்தைக்குச் சரியான அர்த்தம் சொன்னீர்கள். அன்றைக்குப் பார்த்து.

மேல்முறையீடு தள்ளுபடி. நேற்று வந்தது. காரணத்தில் உங்கள் விளக்கமும் இருக்கிறது.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். நீங்கள் பேசிய இங்கிலீஷ் எதுவும் அவருக்குப் புரியவில்லை. எல்லோரும் அமைதியானதையும் பெரியவர் எழுதிக்கொண்டதையும்தான் பார்த்தார். படியிறங்கும்போது என்னிடம் கேட்டார், "மாமா நமக்காக நல்லா பேசுனாருல்ல?"

நான் ஆமாம் என்று சொன்னேன். பஸ் வரும்வரை அவர் சந்தோஷமாக இருந்தார்.

இனி எழுதாதீர்கள்.

வைஜெயந்தி


ஃபீனிக்ஸ் பே
22 செப்டம்பர் 2024

அன்பு மருமகள் வைஜெயந்திக்கு,

எழுதாதே என்றாய். இரண்டு மாதத்துக்கு மேல் எழுதாமல் இருந்தேன், அதற்கே எனக்கு ஒரு மெடல் கொடுக்க வேண்டும். நீங்கள் குடிபோன காம்ப்பெல் பே விலாசத்தை மாப்பிள்ளையின் சித்தப்பா மகனிடம் வாங்கினேன். கொடுக்க மாட்டேன் என்றான். அவனுக்கு ஒரு சர்ட்டிஃபிகேட் மனு வேண்டியிருந்தது. கொடுத்தான்.

நீங்கள் கப்பல் ஏறிய அன்று நான் மேஜையில்தான் இருந்தேன். பெட்டி, பாத்திர மூட்டை, பயல் மாப்பிள்ளை தோளில். மரத்தடி வழியாகத்தான் போனீர்கள். மாப்பிள்ளை என்னைப் பார்த்துக் கையை எடுத்துக் கும்பிட்டான். நீ நேரே ஜெட்டி கேட்டைப் பார்த்துக்கொண்டு போனாய். மழை அடித்துக்கொண்டிருந்தது, உனக்குக் கண் தெரிந்திருக்காது. அங்கே கான்ட்ராக்டரிடம் சிமென்ட் மூட்டை இறக்குகிறானாமே. படகில் நின்ற உடம்பு, தாங்கும். அந்த மண் வேறு, அங்கே தென்னை என்ன காய்ப்பு காய்க்கும் தெரியுமா, ஒரு காயை இரண்டு பேர் தூக்க வேண்டும்.

இங்கே என் சேதி கேட்டால் நீயே ஆச்சரியப்படுவாய். அன்று நான் பேசிய பேச்சு வீண் போகவில்லை. அதே கம்பெனி மேனேஜர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். டீ, சமோசா. இனிமேல் கம்பெனியில் யாரிடம் விளக்கம் கேட்டாலும் என்னிடம்தான் அனுப்புவார்களாம். "ராக்கப்பன்ஜியிடம் எழுதி வாங்கி வா" என்று சொல்லியே அனுப்புகிறார்கள். நானும் வழக்கம்போல எழுதிக் கொடுக்கிறேன். கஷ்டம், தேர்ஃபோர், நடந்தது. மேனேஜருக்கு என் நடை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. "உங்க லெட்டர் வந்தா எங்களுக்கு வேலையே இல்ல" என்கிறார்.

கம்பெனிக்கே ஆஸ்தான எழுத்தாளன் மாதிரி ஆகிவிட்டேன். நீ பெருமைப்படுவாய் என்று எழுதினேன்.

உன் மாமன்,
இங்கிலீஷ் ராக்கப்பன்


காம்ப்பெல் பே
18 அக்டோபர் 2024

மாமாவுக்கு,

உங்கள் லெட்டர் வந்தால் அவர்களுக்கு ஏன் வேலை இல்லை என்று யோசித்துப் பாருங்கள். யோசிக்கத் தெரியாதென்றால் வேண்டாம்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அந்தப் படகில் கொக்கியை மாற்றிவிட்டார்களா?

அதை மட்டும் எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

வைஜெயந்தி


ஃபீனிக்ஸ் பே
15 டிசம்பர் 2024

வைஜெயந்திக்கு,

மாற்றிவிட்டார்கள்.

அதை மட்டும் எழுது என்றாய். உன் மாமனால் அது முடியுமா? கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்தபோது எனக்கு பதில் தெரியாது. போய்ப் பார்க்கலாம் என்று ஜெட்டிக்குப் போனேன், டிக்கெட் இல்லாமல் உள்ளே விடவில்லை. என்னை! அப்புறம் ஒரு மாதம் கழித்து, அதே படகில் இன்ஜின் பார்க்கும் பிரவீன்குமார் விளக்கம் எழுத வந்தான். மாப்பிள்ளையோடு வேலை பார்த்தவன், நீ பார்த்திருப்பாய், மீசை இல்லாமல் தாடி மட்டும் வைத்திருப்பான். ஒரு கைக்குழந்தைக்காரி கதவில் சாய்ந்து தடுமாறிவிட்டாள். இவன் எட்டிப் பிடித்துவிட்டான். பிடித்தவனிடமே விளக்கம் கேட்டிருக்கிறார்கள், இன்ஜினை விட்டுவிட்டு ஏன் வந்தாய் என்று.

நான் வழக்கப்படி பேப்பரை மடித்து மார்ஜின் போட்டுவிட்டுக் கேட்டேன், "அம்மாவுக்கு உடம்பு எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு அண்ணே."

"வீட்ல யாருக்கும் ஜுரம், கிரம்?"

"இல்லண்ணே. எல்லாரும் நல்லாருக்காங்க. எதுக்கு?"

இப்படி ஒரு ஆளுக்கு நான் எதை வைத்து எழுதுவது, சொல். அப்போதுதான் கேட்டேன், அந்தக் கதவில் கொக்கி மாற்றியாகிவிட்டதா என்று. அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "எங்கண்ணே? சுரேந்திரன் கட்டுன அதே நைலான் கயிறுதான். யோகராஜ் கிட்ட நானும் சொல்லிட்டேன்" என்றான்.

எழுதினேன். பக்கவாட்டுக் கதவின் கொக்கி ஏப்ரலுக்கு முன்பிருந்தே இல்லை. சுரேந்திரன் கயிறு கட்டினார். அந்தக் கயிறே இன்னும் இருக்கிறது. யோகராஜிடம் சொன்னேன். குழந்தையோடு ஒரு பயணி சாய்ந்தார். பிடித்தேன். முடிந்தது. அரைப் பக்கம் கூட வரவில்லை. பொற்பாதம் இல்லை, இன்ஸ்பெக்டர் இல்லை, கலெக்டர் இல்லை. மொட்டை மொட்டையாக, பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. நான் எழுதியதிலேயே அசிங்கமான கடிதம் அதுதான். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லி, "இதானே சொன்ன?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். "என்ன அண்ணே, இன்னிக்கு ஜட்ஜு மாதிரி கேக்குறீங்க" என்றான்.

அந்த வாரமே கொக்கி மாற்றிவிட்டார்கள். புதுக் கொக்கி, எவர்சில்வர். பிரவீன்குமாரை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். கம்பெனியிலிருந்து இப்போது யாரையும் என்னிடம் அனுப்புவதில்லை. மேனேஜருக்கு நல்ல இங்கிலீஷை அனுபவிக்கத் தெரியவில்லை, போகட்டும்.

வேலை போன மறுநாள் பிரவீன்குமார் மரத்தடிக்கு வந்தான். தூரத்தில் வரும்போதே பார்த்துவிட்டேன். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். பேனாக்களை எடுத்து டப்பாவில் போட்டு மூடி வைத்துக்கொண்டேன். வந்து எதிரே உட்கார்ந்தான். நான் கடைக்காரரிடம் இரண்டு டீ சொன்னேன்.

"பரவால்லண்ணே" என்றான். "நான் சொன்னதத்தானே எழுதுனீங்க."

இந்த மேஜையில் எத்தனையோ பேர், "பிரமாதமா எழுதுனீங்க" என்றிருக்கிறார்கள். பெங்காலிக்காரன், தெலுங்குக்காரன், பெரிய அதிகாரி, எல்லோரும். இப்படி ஒருத்தனும் சொன்னதில்லை. டீ வந்தது, அவன் பக்கம் தள்ளி வைத்தேன்.

மாப்பிள்ளை சிமென்ட் மூட்டையோடு முதுகைப் பார்த்துக்கொள்ளட்டும். கொக்கி மாற்றியாகிவிட்டது என்று அவனிடம் சொல். அவன் பெயரும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது என்று சொல். எழுதியது யார் என்று கேட்டால், யாரோ என்று சொல்லிவிடு.

ராக்கப்பன்